தென்கிழக்காசியாவில் உள்நாட்டு விமான சேவையைத் தெரிவுசெய்வது எவ்வாறு?

மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் நகருக்குச் சென்றவர்கள் அங்கு நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ள விமானச் சக்கரமொன்றைக் கண்டிருக்கக்கூடும். 1974 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4 ஆம் திகதி இரவு 10.15 மணியளவில், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பில் தரிப்பதற்காக வந்த டிசி-8 ரக விமானம், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 182 யாத்திரிகர்களும் 9 பணியாளர்களுமாக அதில் பயணித்த 191 பேரில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த மிகப்பெரிய விமான விபத்து இன்றுவரை இதுவேயாகும்.

விமானிகள் தாம் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கருதி, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கியமையே விபத்துக்குக் காரணமென விசாரணையில் தெரியவந்தது. விமானத்திலிருந்த டொப்ளர், வானிலை ராடர் கருவிகளில் அவர்கள் தங்கியிருந்தமை இத்தவறுக்கு இடமளித்ததாகவும் விசாரணையாளர்கள் குறிப்பிட்டனர்.

இவ்விபத்தில் பலரும் கவனிக்கத் தவறும் விடயமொன்று உண்டு. அப்பயணம் இந்தோனேசியாவின் தேசிய விமான நிறுவனமான கருடாவின் சார்பில் நடத்தப்பட்டதாகும். ஆனால் விமானத்தைச் செலுத்தியது நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனம். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15 ஆம் திகதி, ஹஜ் கடமையை நிறைவேற்றிவிட்டு ஜித்தாவிலிருந்து சுரபாயா திரும்பிக்கொண்டிருந்த மற்றுமொரு டிசி-8 விமானம் கட்டுநாயக்கவில் தரையிறங்க முற்பட்ட வேளையில் தென்னந்தோட்டமொன்றில் வீழ்ந்து 183 பேர் பலியாகினர். அதுவும் கருடாவுக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்டதே. அதனை இயக்கியது ஐஸ்லாந்தின் லொப்ட்லெய்டிர் நிறுவனமாகும். ஒரு நிறுவனத்தின் பெயரை நம்பிப் புறப்பட்ட கிராமத்து யாத்திரிகர்களில் எத்தனை பேர் தம்மைச் சுமந்து செல்லும் விமானம் யாருடையது என்பதை அறிந்திருப்பார்கள்?

அந்நாள் யாத்திரிகர்களுக்கு அதைக் கேட்டறியும் வழி இருக்கவில்லை. இன்றைய பயணிக்கு உண்டு. எனினும், பயணச்சீட்டின் விலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஆசனத்தைப் பதிவுசெய்யும் பழக்கமே நம்மிடையே மேலோங்கி நிற்கிறது.

ஏன் இக்கேள்வி முக்கியமாகிறது?

மலேசியாவுக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர்கள், அங்கு உயர்கல்வி கற்கும் மாணவர்கள், பாங்கொக், ஜகார்த்தா நகரங்களின் துணிச் சந்தைகளை நாடிச் செல்லும் வர்த்தகர்கள், பத்துமலை முருகனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் என இன்று நமது மக்கள் பல நோக்கங்களுக்காகத் தென்கிழக்காசியா செல்கின்றனர். சுமாத்திராவின் மேடான் நகரில் ‘கம்போங் மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு பகுதி உள்ளது. புகையிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளராக அழைத்துச் செல்லப்பட்ட தமிழரின் சந்ததியினர் வாழும் அந்நகரில் 1884 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் விளங்குகிறது. மலையக மக்களின் வரலாற்றுக்கு இணையான வரலாறு கடலுக்கு அப்பால் இருப்பதை நேரில் காண விரும்புவோரும் நம்மிடையே உள்ளனர்.

கட்டுநாயக்கவிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பாங்கொக்குக்கோ செல்வதில் சிக்கல் அதிகமில்லை. அதன் பின்னரான உள்நாட்டுப் பயணமே நமக்குப் புதியது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குச் செல்ல புகையிரதமும் பஸ்ஸும் போதுமென வாழ்ந்து பழகிய நமக்கு, உள்நாட்டில் விமானமேறுவது பெரும்பாலும் அனுபவத்தில் இல்லாதது. ஆனால் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியாவில் விமானம் என்பது நமது நாட்டின் தூர சேவை பஸ்ஸைப் போன்றது. மேடானிலிருந்து ஜகார்த்தாவுக்கோ, கோலாலம்பூரிலிருந்து போர்ணியோத் தீவிலுள்ள கொத்தா கினபாலுவுக்கோ செல்வதற்கு நடைமுறையில் வேறு வழியில்லை.

விமானப் பயணம் அச்சத்துக்குரியது என்ற எண்ணத்தை ஏற்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்ல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. மலைப்பாதைகளில் நாம் அன்றாடம் ஏற்றுக்கொள்ளும் ஆபத்துடன் ஒப்பிடுகையில், ஒழுங்கான விமான சேவையொன்றின் ஆபத்து மிகக் குறைவானதே. ஆயினும் எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்தில் இயங்குவதில்லை. எல்லாப் பயணச்சீட்டுகளும் ஒரே பாதுகாப்பை வழங்குவதுமில்லை. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள மூன்று கேள்விகள் உதவும். விமானத்தை இயக்குபவர் யார்? இயக்குபவரை மேற்பார்வை செய்பவர் யார்? பயணம் தடைப்பட்டால் பொறுப்பேற்பவர் யார்?

இயக்குபவர் யார்?

விமான நிறுவனங்கள் இன்று குழுமங்களாக இயங்குகின்றன. இந்தோனேசியாவில் லயன் குழுமத்தின் கீழ் லயன் எயார், பாத்திக் எயார், சிறிய நகரங்களுக்கு ஏடிஆர் ரக விமானங்களைச் செலுத்தும் விங்ஸ் எயார், 2021 இல் பறக்கத் தொடங்கிய சூப்பர் எயார் ஜெட் ஆகியன உள்ளன. கருடாவின் துணை நிறுவனம் சிற்றிலிங்க் ஆகும். மலேசியாவில் மலேசியா எயார்லைன்ஸின் சகோதர நிறுவனமாகப் பயர்பிளை இயங்குகிறது. ஒரே குழுமத்துக்குள்ளேயே கட்டணம், பொதி அனுமதி, உணவு, நேரந்தவறாமை ஆகியன நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்படும் பயணச்சீட்டுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம் வருவதும் வழமையானதே. இது முறைகேடன்று. ஆனால் பயணச்சீட்டில் சிறிய எழுத்தில் ‘இயக்குபவர்’ எனக் குறிப்பிடப்படும் பெயரே பயணி பார்க்க வேண்டிய பெயராகும். பாதுகாப்பு குறித்து ஆராயும்போதும் அப்பெயரைக் கொண்டே ஆராய வேண்டும்.

பெயர் ஒற்றுமையும் குழப்பத்தை ஏற்படுத்தலாம். 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டு 55 பேருடன் கடலில் வீழ்ந்த அன்ரனோவ் விமானத்தை இயக்கிய ‘லயன் எயார்’ இலங்கை நிறுவனமாகும். இந்தோனேசிய லயன் எயாருக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இயக்குபவரின் பெயரை அறியும் உரிமையை ஐரோப்பா சட்டமாக்கியதன் பின்னணி அறியத்தக்கது. 2004 ஜனவரி 3 ஆம் திகதி எகிப்தின் ஷார்ம் அல் ஷேக் நகரிலிருந்து புறப்பட்ட பிளாஷ் எயார்லைன்ஸ் விமானம் செங்கடலில் வீழ்ந்து 148 பேர் பலியாகினர். அவர்களுள் பெரும்பாலானோர் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள். அந்நிறுவனம் தனது நாட்டுக்குள் பறப்பதை 2002 இலேயே சுவிற்சர்லாந்து தடைசெய்திருந்தது பின்னரே பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அயல்நாட்டு அதிகாரிகள் அறிந்திருந்ததை ஆசனத்தில் அமர்ந்த பயணி அறிந்திருக்கவில்லை. இதனால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாகவே, பாதுகாப்புக் குறைந்த நிறுவனங்களின் பட்டியலைப் பகிரங்கப்படுத்தவும், இயக்கும் நிறுவனத்தின் பெயரைப் பயணிக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றியது.

மேற்பார்வை செய்பவர் யார்?

இந்தோனேசிய விமானத்துறையின் கடந்த 25 ஆண்டுகால வரலாறு இக்கேள்விக்கு விளக்கமாக அமைகிறது. 1990களின் இறுதியில் விமானத்துறை திறந்துவிடப்பட்டதும் புதிய நிறுவனங்கள் பெருகின. கட்டணங்கள் வீழ்ந்தன. அதுவரை கப்பலில் நாட்கணக்கில் பயணித்த சாதாரண மக்கள் விமானமேறினர். ஆனால் விமானங்கள் பெருகிய வேகத்தில் பரிசோதகர்களும் பொறியியலாளர்களும் பெருகவில்லை.

2007 ஜனவரி 1 ஆம் திகதி சுரபாயாவிலிருந்து மனாடோ சென்ற ஆதாம் எயார் விமானம் கடலில் வீழ்ந்து 102 பேர் பலியாகினர். விமானத்தின் திசையறி கருவியில் ஏற்பட்ட கோளாறைச் சீர்செய்வதில் விமானிகள் மூழ்கியிருந்த வேளையில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. அதே கோளாறு அதற்கு முன்னரும் பல தடவைகள் முறையிடப்பட்டிருந்ததாக விசாரணை தெரிவித்தது. அதே ஆண்டு மார்ச் 7 ஆம் திகதி கருடா விமானமொன்று யோக்யகார்த்தாவில் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று தீப்பற்றியதில் 21 பேர் உயிரிழந்தனர். 2007 ஏப்ரலில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தோனேசியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தையும் தடைப்பட்டியலில் சேர்த்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவையும் கவனிக்கத்தக்கவை. ஆதாம் எயார் 2008 இல் மூடப்பட்டது. கருடா தனது நடைமுறைகளை மாற்றியமைத்து 2009 இல் ஐரோப்பியத் தடையிலிருந்து விடுபட்டது. ஏனைய நிறுவனங்களும் படிப்படியாக விடுவிக்கப்பட்டு, 2018 ஜூனில் இந்தோனேசியா மீதான ஐரோப்பியத் தடை முற்றாக நீங்கியது. அமெரிக்கா 2016 ஓகஸ்டில் முதலாம் தரத்தை மீள வழங்கியது. கண்காணிப்பும் அழுத்தமும் பயனளிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் விபத்துகள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 2014 டிசெம்பர் 28 இல் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் சென்ற இந்தோனேசிய எயார் ஏசியா விமானம் வீழ்ந்து 162 பேரும், 2018 ஒக்டோபர் 29 இல் ஜகார்த்தாவிலிருந்து பங்கால் பினாங் சென்ற லயன் எயார் விமானம் வீழ்ந்து 189 பேரும், 2021 ஜனவரி 9 இல் பொந்தியானாக் சென்ற சிறிவிஜய எயார் விமானம் வீழ்ந்து 62 பேரும் பலியாகினர். முதலாவது விபத்தில் சுக்கானுடன் தொடர்புடைய மின்னணுப் பாகமொன்றின் பற்றாசு வெடிப்பும் அதற்கு விமானிகள் காட்டிய எதிர்வினையும் காரணமாயின. இரண்டாவதில் போயிங் நிறுவனத்தின் வடிவமைப்புக் குறையுடன் உணர்கருவியொன்றின் பழுதும் சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் இயந்திர விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்புப் பழுதடைந்திருந்தது.

இந்நான்கு விபத்துகளுக்கும் பொதுவான அம்சமொன்று உண்டு. விமானத்தில் ஒரு கோளாறு ஏற்கனவே தோன்றியிருந்தது, பதிவுசெய்யப்பட்டிருந்தது, ஆனால் முற்றாகத் தீர்க்கப்படவில்லை. லயன் எயார் விமானத்தில் முதல்நாள் பயணத்திலேயே அதே பிரச்சினை தலைகாட்டியிருந்தது. பளபளப்பான ஆசனமோ புன்னகைக்கும் பணிப்பெண்ணோ இவ்வாறான குறைகளைப் பயணிக்குக் காட்டுவதில்லை. பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரமும் அறிவும் உள்ள பரிசோதகரே அவற்றைக் காண முடியும். ஆகவே பயணியால் செய்யக்கூடியது, அத்தகைய பரிசோதனைகளின் முடிவுகளைத் தேடிப் பார்ப்பதேயாகும்.

அதற்கு இரண்டு பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்புப் பட்டியல். ஐரோப்பாவுக்கே பறக்காத சிறிய நிறுவனங்களும் இதில் உள்ளடங்குவதால் ஆசியப் பயணிக்கும் இது பயன்படும். இரண்டாவது, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2003 முதல் நடத்திவரும் ‘ஐயோசா’ எனும் கணக்காய்வில் தேறிய நிறுவனங்களின் பதிவேடு. இக்கணக்காய்வு குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் நடத்தப்படுகிறது. முதலாவது பட்டியலில் பெயர் இருப்பின் அந்நிறுவனத்தைத் தவிர்ப்பதே நன்று. இரண்டாவதில் பெயர் இருப்பின் அது நல்ல அறிகுறி. அதில் பெயரில்லாத சிறிய நிறுவனத்தை உடனே ஆபத்தானதென ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வழித்தடத்தில் இரு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே கட்டணத்தில் பறக்குமாயின், கணக்காய்வில் தேறியதைத் தெரிவுசெய்வதே விவேகமாகும்.

இது இந்தோனேசியாவுக்கு மட்டும் உரியதன்று. மலேசியா 2019 நவம்பரில் அமெரிக்காவால் இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டு 2022 ஒக்டோபரில் மீண்டது. தாய்லாந்து 2015 டிசெம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை அந்நிலையிலேயே இருந்தது. இத்தரம் நாட்டின் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு வழங்கப்படுவதேயன்றித் தனித்தனி நிறுவனங்களுக்கு அன்று என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

புதிய விமானம், பெரிய விமானம், மதப்பற்றுள்ள விமானம்

நம்மிடையே நிலவும் சில நம்பிக்கைகளையும் சோதித்துப் பார்ப்பது அவசியமாகும். புதிய விமானம் பாதுகாப்பானது என்பது அவற்றுள் ஒன்று. 2018 இல் வீழ்ந்த லயன் எயார் விமானம் சேவைக்கு வந்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. 2021 இல் வீழ்ந்த சிறிவிஜய விமானம் 26 ஆண்டுகள் பழைமையானது. வயதைவிடப் பராமரிப்பே முக்கியமானது. அவ்வாறே, சுழல்விசிறி பூட்டிய ஏடிஆர் போன்ற சிறிய விமானத்தைக் கண்டதும் அஞ்சுவதற்கும் காரணமில்லை. குறுகிய ஓடுபாதைகளைக் கொண்ட தீவுகளுக்கு அவையே பொருத்தமானவை. ஆயினும் மலைகளுக்கிடையே சிறிய விமானங்கள் பறக்கும் பப்புவா போன்ற பிரதேசங்களில் வானிலையும் நிலப்பரப்பும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது உண்மை. 2015 ஓகஸ்டில் அங்கு டிரிகானா எயார் விமானம் மலையில் மோதி 54 பேர் பலியானமை இதற்கு உதாரணமாகும்.

மலேசியாவில் 2015 டிசெம்பரில் ரயானி எயார் என்ற நிறுவனம் பறக்கத் தொடங்கியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இந்துத் தம்பதியர் தொடங்கிய அந்நிறுவனம், இஸ்லாமிய ஷரீஆ முறைமைக்கு அமைய இயங்கும் மலேசியாவின் முதலாவது விமான சேவையாகத் தன்னை அறிமுகப்படுத்தியது. பறப்பதற்கு முன் துஆ ஓதப்பட்டது. ஹலால் உணவு மட்டுமே பரிமாறப்பட்டது. மதுபானம் இருக்கவில்லை. முஸ்லிம் பயணிகள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே தாமதங்களும், இரத்துகளும், விமானிகளின் வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. 2016 ஏப்ரலில் அதன் பறப்பு அனுமதி இடைநிறுத்தப்பட்டு ஜூன் மாதத்தில் முற்றாக இரத்துச் செய்யப்பட்டது. பாதுகாப்பு விதிகளையும் நிர்வாக விதிகளையும் அந்நிறுவனம் மீறியதென அதிகாரிகள் அறிவித்தனர்.

பிரார்த்தனையும் ஹலால் உணவும் பயணிக்கு மனநிறைவு தருபவை. அவற்றை எதிர்பார்ப்பது நியாயமானதே. ஆனால் அவை பராமரிப்புக்கும் நிர்வாகத் திறனுக்கும் ஈடாக மாட்டா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு கூறும் நபிமொழியை அறிந்த சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தடைப்பட்டால் பொறுப்பு யாருக்கு?

விபத்து அரிதானது. ஆனால் தாமதமும் இரத்தும் அன்றாடம் நிகழ்பவை. நமது பயணிகளில் பலர் பணத்தை இழப்பது இங்கேதான்.

கட்டுநாயக்கவிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து பினாங்குக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியே பயணச்சீட்டு வாங்கினால் மலிவாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எவ்விதப் பொறுப்புமில்லை. அந்தப் பயணச்சீட்டு அத்துடன் பயனற்றுப் போகும். இரு பயணங்களும் ஒரே பயணச்சீட்டில் பதிவாகியிருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமையாகும்.

ஒரே பயணச்சீட்டுக்கு மற்றுமொரு பயனும் உண்டு. விமானப் பயணிகளின் நட்டஈடு தொடர்பான மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கை 2018 இலும் இந்தோனேசியா 2017 இலும் இணைந்தன. சர்வதேசப் பயணமொன்றின் தொடர்ச்சியாக, ஒரே ஒப்பந்தத்தின் கீழ் அமையும் உள்நாட்டுப் பயணத்துக்கும் அவ்வுடன்படிக்கையின் பாதுகாப்பு நீள்கிறது. தனியாக வாங்கிய உள்நாட்டுப் பயணச்சீட்டுக்கு அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டமே பொருந்தும். உயிரிழப்பு மட்டுமன்றிப் பொதி தொலைதல், தாமதம் ஆகியவற்றிலும் இவ்வேறுபாடு பெரிதாகும்.

உள்நாட்டுச் சட்டங்களிலும் பயணிக்குச் சில உரிமைகள் உள்ளன. இந்தோனேசியப் போக்குவரத்து அமைச்சு 2015 இல் வெளியிட்ட விதிகளின்படி, தாமதத்தின் அளவுக்கேற்ப முதலில் பானமும், பின்னர் சிற்றுண்டியும், அதன் பின்னர் முழு உணவும் வழங்கப்பட வேண்டும். நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் தாமதித்தால் 3 இலட்சம் இந்தோனேசிய ரூபியா நட்டஈடாக வழங்கப்பட வேண்டும். மலேசியாவில் 2024 செப்டெம்பர் முதல், ஐந்து மணித்தியாலமோ அதற்கு மேலோ தாமதித்தால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமை பயணிக்கு வழங்கப்பட்டது. கேட்காதவருக்கு இவை தாமாக வந்து சேருவதில்லை. தாமதத்துக்கான எழுத்துமூல அறிவித்தலையும் பயணச்சீட்டுப் பிரதியையும் பத்திரப்படுத்துவது அவசியமாகும்.

நிறுவனத்தின் நிதிநிலையையும் ஓரளவு கவனிக்க வேண்டும். இந்தோனேசியாவின் பத்தாவியா எயார் 2013 ஜனவரியில் வங்குரோத்தடைந்ததாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் மைஎயார்லைன் 2022 டிசெம்பரில் சேவையைத் தொடங்கி, ஓராண்டு நிறைவடைவதற்கு முன்னரே, 2023 ஒக்டோபர் 12 ஆம் திகதி விடிகாலையில் திடீரென நிறுத்தியது. பணம் செலுத்திய பயணிகள் நடுவழியில் நின்றனர். புத்தம் புதிய நிறுவனம் நம்பமுடியாத மலிவு விலையில் பல மாதங்களுக்கு அப்பாலான பயணச்சீட்டுகளை விற்குமாயின் சற்றுத் தயங்குவதில் தவறில்லை. பயணக் காப்புறுதி எடுப்போர், விமான நிறுவனம் மூடப்படும் நிலைக்கும் அது பொருந்துமா எனக் கேட்டறிய வேண்டும்.

மலிவின் மறுபக்கம்

இந்தோனேசியாவில் சாதாரண வகுப்பின் உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசாங்கமே மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நிர்ணயிக்கிறது. ஆகவே நிறுவனங்களுக்கிடையிலான உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தில் அன்றி, மேலதிகக் கட்டணங்களிலேயே தங்கியுள்ளது. மலிவுக் கட்டண நிறுவனங்களில் பெரும்பாலானவை கையில் கொண்டுசெல்லும் பொதிக்கு 7 கிலோவை எல்லையாக வைத்துள்ளன. சர்வதேச விமானத்தில் 30 கிலோ பொதியுடன் வந்திறங்கும் தொழிலாளியோ வர்த்தகரோ, உள்நாட்டு விமானத்தில் ஏறும்போது மேலதிகப் பாரத்துக்காகச் செலுத்தும் தொகை பயணச்சீட்டின் விலையையே விஞ்சிவிடலாம். நாட்சம்பளத்தில் சேமித்துப் பிள்ளையை அனுப்பும் தோட்டக் குடும்பமொன்றுக்கு இது சிறிய இழப்பன்று. பொதிக்கான இடத்தை முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது விமான நிலையத்தில் வாங்குவதைவிட மலிவாகும்.

எந்த விமான நிலையம் என்பதையும் பார்க்க வேண்டும். பாங்கொக் நகரில் சுவர்ணபூமி, டொன் முயாங் என இரு விமான நிலையங்கள் உள்ளன. மலிவுக் கட்டண உள்நாட்டுச் சேவைகளில் பெரும்பாலானவை டொன் முயாங்கிலிருந்தே புறப்படுகின்றன. சுவர்ணபூமியில் வந்திறங்கியவர் நெரிசல்மிக்க நகர வீதிகளைக் கடந்தே அங்கு செல்ல வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரு முனையங்களும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் இல்லை. சிறிய நிறுவனங்கள் சில சுபாங் விமான நிலையத்தைப் பயன்படுத்துகின்றன. தனித்தனிப் பயணச்சீட்டுகளாயின் இரு விமானங்களுக்கிடையே குறைந்தது நான்கு மணித்தியாலங்களாவது விட்டுவைப்பது நன்று. மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களுக்கு உள்நாட்டு விமானத்தில் சென்றாலும் தனியான குடிவரவுச் சோதனை உண்டு. ஆகவே கடவுச்சீட்டைப் பொதிக்குள் வைத்து அனுப்பிவிடக் கூடாது.

நேரமும் காலமும் முக்கியமானவை. அயன மண்டலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே திரள்கிறது. அத்துடன் காலையில் ஏற்படும் தாமதங்கள் மாலையாகும்போது ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே நாளின் முதல் விமானமே சிறந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன்னரும் பின்னரும் இந்தோனேசிய மக்கள் இலட்சக்கணக்கில் ஊர் திரும்புவதால் கட்டணங்கள் மேல் எல்லையைத் தொடுகின்றன. ஏப்ரல் நடுப்பகுதியில் தாய்லாந்தின் புத்தாண்டிலும் இதே நிலைதான். எரிமலைச் சாம்பல் காரணமாகப் பாலித்தீவின் விமானங்கள் 2017 நவம்பரிலும் 2024 நவம்பரிலும் தடைப்பட்டன. நாடு திரும்பும் சர்வதேச விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் உள்நாட்டுப் பயணத்தை அதே நாளில் வைத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழர்களும், அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் ‘மொஹமட்’ என எழுதப்பட்ட முஸ்லிம்களும் உள்நாட்டு விமானப் பதிவுகளில் அடிக்கடி இடர்ப்படுகின்றனர். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகள் எவ்வாறுள்ளனவோ அவ்வாறே, எழுத்துக்கு எழுத்து, பயணச்சீட்டிலும் இருக்க வேண்டும். முதலெழுத்துகளைச் சுருக்கியோ விரித்தோ பதிவுசெய்வது விமான நிலையத்தில் வீண் சிக்கலைத் தரும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

ஹட்டன், நுவரெலியா, கண்டி போன்ற நகரங்களில் வாழ்வோரில் பலர் இன்னமும் பயண முகவர் மூலமாகவே பயணச்சீட்டுப் பெறுகின்றனர். தொழிலுக்காகச் செல்வோரின் பயணத்தை ஆட்சேர்ப்பு முகவரே தீர்மானிக்கிறார். எந்த நிறுவனத்தில் பறக்கிறோம் என்பது விமான நிலையத்தில் நிற்கும்போதே பலருக்குத் தெரியவருகிறது. முகவரிடம் பணம் செலுத்துவதற்கு முன்னர் ஐந்து விடயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்வது போதுமானது. உள்நாட்டு விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பெயர், இரு பயணங்களும் ஒரே பயணச்சீட்டில் உள்ளனவா என்பது, அனுமதிக்கப்பட்ட பொதியின் அளவு, புறப்படும் விமான நிலையமும் முனையமும், இரத்தானால் பணம் யாரிடமிருந்து எத்தனை நாட்களில் திரும்பக் கிடைக்கும் என்பது ஆகியனவே அவை. நேர்மையான முகவருக்கு இவற்றை எழுதிக் கொடுப்பதில் சிரமமிருக்காது. தயங்குபவரைப் பற்றி நாமும் தயங்கியே முடிவெடுக்க வேண்டும்.

ஐரோப்பியப் பயணிக்குச் சட்டம் வழங்கும் தகவலை நமது பயணிக்கு வழங்க முகவர்கள் சட்டத்தின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஹஜ், உம்ரா முகவர்களும், தல யாத்திரைகளை ஒழுங்குசெய்யும் அமைப்புகளும், ஆட்சேர்ப்பு நிறுவனங்களும் தமது விளம்பரங்களிலேயே இயக்கும் நிறுவனத்தின் பெயரை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கலாம். தோட்டங்களிலுள்ள இளைஞர் மன்றங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும், முதன்முறையாக வெளிநாடு செல்வோருக்கு இவ்விரு பட்டியல்களையும் கைத்தொலைபேசியில் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய விடயம் இது.

விமானத்தின் உயரத்தை விமானி பார்த்துக்கொள்வார். பராமரிப்பைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். அவர்கள் தத்தமது கடமையைச் செய்கின்றனரா என்பதை அரசாங்கங்களும் கணக்காய்வாளர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணியின் பொறுப்பில் எஞ்சியிருப்பது ஒன்றுதான். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் அந்த விமானம் யாருடையது எனக் கேட்பதே அது.